ஓடிபி சொன்னால் ஒப்புதலா? நெட் கனெக்‌ஷனும் விளம்பரக்காரருக்குப் போகும் நம் விவரமும்

வைகைக்கரை | திங்கள், இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போன மாதம் ஃபைபர் போட்டோம். நான் சென்னையில் இருப்பதால் எல்லாம் போனிலேயே முடிந்தது. வயர் இழுக்க வந்த பையன் நல்ல பிள்ளை. மாடியிலிருந்து வயரை இறக்கி, பெட்டியை மாட்டி, டிவியிலும் படம் வரவைத்துவிட்டு, கடைசியில் "ஐயா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றிருக்கிறார். அப்பா ஆறு எண்ணையும் வாசித்துவிட்டார். கனெக்‌ஷன் வந்துவிட்டது.

இந்த வாரம் பில் பார்க்க அவர் கணக்கில் நுழைந்தேன். உள்ளே 'விருப்பத்தேர்வுகள்' மாதிரி ஒரு பக்கம். ஆங்கிலத்தில் நான்கு வரி. என் வார்த்தையில் சொன்னால்: உங்கள் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்து, அதற்குப் பொருத்தமான சலுகைகளை நாங்களும் எங்கள் கூட்டாளி நிறுவனங்களும் உங்களுக்குத் தரச் சம்மதிக்கிறீர்கள். பக்கத்தில் டிக். அதன் கீழே தேதி, நேரம், 'ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டது' என்ற குறிப்பு. வயர் மாட்டிய அதே பிற்பகல்.

அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை படிப்பவர். அவரிடம் கேட்டேன். "லைன் ஆக்டிவேட் பண்ணத்தானே நம்பர் கேட்டாங்க? வேற எதுக்கும் நான் சரின்னு சொல்லலையே" என்றார். குரலில் ஒரு சங்கடம், தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: லைன் கொடுப்பவரால் நிஜமாகவே என்னவெல்லாம் பார்க்க முடியும்? இப்படி வாங்கிய சம்மதம் சட்டப்படி செல்லுமா? வேறு எங்காவது இது நடந்து, மக்கள் தடுத்திருக்கிறார்களா?

---

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9:58

நல்ல இழை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலேயே தொடருங்கள். உங்கள் சொந்த அனுபவம் எழுதும் மற்றவர்களும் அப்படியே. செய்தித்தாளில் வந்த, ஊரறிந்த வழக்குகளைப் பெயருடன் பேசலாம்.

---

நேர்பேச்சு | திங்கள், இரவு 10:15

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் போனில் கூகுள் இருக்கிறது, ஃபேஸ்புக் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. அவர் எந்தத் தெருவில் நடக்கிறார், எந்தப் பாட்டுக் கேட்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் கோபப்படாமல் லைன் கொடுப்பவரிடம் மட்டும் ஏன் கோபம்? மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஓயாமல் ஓடும் நெட் கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் நாலு காசு பார்த்தால் விலை இன்னும் குறையும். இதை நான் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறேன்.

---

கோவைநெட் | திங்கள், இரவு 11:20

பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில் ஓடுகின்றன. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். பூட்டு இருந்தால் நீங்கள் அங்கே என்ன படித்தீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது லைன்காரருக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். இரண்டு வழியில் தெரியும். ஒன்று, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கேள்வி. வீட்டுப் பெட்டியில் நாம் எதையும் மாற்றாவிட்டால் அது நேராக அவர்கள் சர்வருக்கே போகும். இரண்டாவது, பூட்டுப் போடுவதற்கு முன் உலாவி 'எனக்கு இன்ன தளம் வேண்டும்' என்று பெயரைத் திறந்த நிலையில் அனுப்புகிறது. இதையும் மறைக்கும் ஏற்பாடு இப்போது வரத் தொடங்கியிருக்கிறது, எல்லாத் தளங்களிலும் இல்லை. இது தவிர எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா என்பது எப்படியும் தெரியும்.

ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் உள்ளே என்ன பேசினீர்கள் என்பது ஆட்டோக்காரருக்குத் தெரியாது. ஆனால் வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, டயாலிசிஸ் சென்டர் வாசலில் இறங்குகிறீர்கள் என்பது தெரியும். அதற்கு மேல் அவர் எதைக் கேட்க வேண்டும்?

இன்காக்னிடோ பற்றி நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். அது உங்கள் கணினியில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். லைனில் போவது அப்படியே போகும்.

@நேர்பேச்சு, கூகுள் வேண்டாமென்றால் வேறு தேடுபொறிக்குப் போகலாம். ஃபேஸ்புக் கணக்கை மூடலாம். லைனை அப்படி விட முடியாது. பல ஊர்களில் ஒரு தெருவுக்கு ஃபைபர் இழுத்திருப்பதே ஒருவரோ இருவரோதான். எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த ஒரு வயர் வழியாகத்தான் போக வேண்டும். போதாததற்கு உங்கள் பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் கேஒய்சியில் வாங்கி வைத்திருக்கிறார்கள். விளம்பரக் கம்பெனிகள் ஊகித்துக் கண்டுபிடிப்பதை இவர்கள் பெயரோடு அறிவார்கள்.

---

மலர்விழி | செவ்வாய், காலை 6:50

இதை எழுதலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டு வருடம் முன்பு, குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்து, கருத்தரிப்பு மையங்களின் பக்கங்களை என் லேப்டாப்பில் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாளில் மாமியார் சமையல் வீடியோ பார்க்கும் டேப்லெட்டில் அதே மையத்தின் விளம்பரம். "ஏம்மா, இது எதுக்கு எனக்கு வருது?" என்று கேட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நாங்களாக ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

ஒரு வீடு, ஒரு லைன், ஐந்து பேர். இதைச் செய்தது லைன்காரரா?

---

கோவைநெட் | செவ்வாய், காலை 8:05

@மலர்விழி, எழுதியதற்கு நன்றி அம்மா. நேர்மையாகச் சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் லைன்காரர்மேல் பழி போட எனக்கு ஆதாரம் போதாது. ஒரே வீட்டுக் கருவிகள் எல்லாம் வெளியே ஒரே ஐபி முகவரியில் தெரியும். அதை வைத்து 'இவர்கள் ஒரு குடும்பம்' என்று விளம்பரக் கம்பெனிகளே சேர்த்துவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். லைன்காரர் அதே வேலையில் இறங்கினால் ஊகிக்கவே தேவையில்லை என்பதுதான் என் கவலை.

வேறொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் லைசென்ஸ் நிபந்தனைப்படி பயன்பாட்டுப் பதிவுகளை வைத்திருந்தே ஆக வேண்டும். முன்பு ஒரு வருடம், 2021 டிசம்பரில் அதை இரண்டு வருடமாக்கினார்கள். அது விசாரணை அமைப்புகளுக்காக. அதைப் பற்றித் தனியாக ஒரு இழையே போடலாம். சட்டத்துக்காகச் சேர்த்த பதிவு ஒருபக்கம், விற்பனைக்காக அதைத் திறந்து படிப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்ப இடம் கொடுக்கக்கூடாது.

---

ஈஸ்ட்ஹாம் குமரன் | செவ்வாய், மதியம் 2:30

வைகைக்கரை தங்கச்சி, உங்கட மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லுறன். நான் லண்டனில 2001இல இருந்து இருக்கிறன். இஞ்ச நடந்த ஃபோர்ம் விவகாரம் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒண்டு.

ஃபோர்ம் எண்டது ஒரு விளம்பரத் தொழில்நுட்பக் கம்பெனி. முந்தி அதுக்கு 121மீடியா எண்டு பேர். கணினியில தானாக விளம்பரம் காட்டுற மென்பொருள் செய்தவை. பிறகு பேரை மாத்திக்கொண்டு நேரா இணைய நிறுவனங்களிட்டயே போனவை. அவையின்ர பெட்டியை நிறுவனத்தின்ர நெட்வொர்க்குக்குள்ளேயே வைக்கிறது. நீங்கள் திறக்கிற பக்கங்களை அது வாசிச்சு, உங்கட ஆர்வம் என்ன எண்டு வகைப்படுத்தி, அதுக்கேத்த விளம்பரம் போடுறது. அப்ப எச்டிடிபிஎஸ் குறைவு. பக்கத்தின்ர பேர் மட்டுமில்லை, பக்கம் முழுக்கவே வாசிக்கலாம். பிடி, வெர்ஜின் மீடியா, டாக்டாக் எண்ட இஞ்சத்த பெரிய இணைய நிறுவனங்கள் மூண்டும் சேர சம்மதிச்சவை எண்டு 2008 பெப்ரவரியில அறிவிச்சினம்.

பிறகுதான் பெரிய விசயம் வெளியில வந்தது. பிடி 2006இலயும் 2007இலயும் ஏற்கெனவே இதைச் சோதிச்சுப் பாத்திட்டினம், ஒருத்தரிட்டயும் கேக்காமல். 2006 சோதனையில மட்டும் சுமார் 18,000 வாடிக்கையாளர். 2007 கோடையில சில ஆக்கள் தங்கட உலாவி முன்பின் தெரியாத ஒரு முகவரியைத் தொடுறதைக் கண்டு நிறுவனத்திட்டக் கேட்டிருக்கினம். உங்கட கணினியிலதான் ஏதோ பிரச்சினை எண்டு பதில். அந்த ஆக்கள் தங்கட கணினியைத் துடைச்சுத் துடைச்சு நேரத்தை வீணாக்கினதை வாசிச்சபோது எனக்கு வந்த கோபம் இண்டைக்கும் இருக்கு.

விலகிற வழி எப்பிடி வைச்சவை எண்டு பாருங்கோ. 'எனக்கு வேண்டாம்' எண்டதுக்கு அடையாளமே ஒரு குக்கி, அதாவது உலாவியில தளங்கள் வைக்கிற ஒரு சின்னக் குறிப்பு. உலாவியில குக்கியை அழிச்சால் உங்கட மறுப்பும் அழிஞ்சுது.

சனம் சும்மா இருக்கேல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் கிளேட்டன் அந்தப் பெட்டி எப்பிடி வேலை செய்யுது எண்டு விளக்கமா ஆய்வு எழுதினார். வலையை உருவாக்கின டிம் பெர்னர்ஸ் லீயே, தன்ர நிறுவனம் இப்பிடிச் செய்தால் வேற நிறுவனத்துக்கு மாறுவன் எண்டு சொன்னார். புற்றுநோய் பற்றிய புத்தகங்களைத் தேடிப் பாத்தது காப்புறுதிக் கம்பெனிக்குப் போய்த் தன்ர கட்டணம் கூடக்கூடாது எண்டது அவர் சொன்ன உதாரணம். 2009இல அமேசான், தங்கட தளத்தை அந்தப் பெட்டி வாசிக்கக்கூடாது எண்டு விலக்கிக்கொண்டது. அந்த ஜூலையில பிடி இதைக் கைவிட்டிது. ஃபோர்ம் வேற வேற நாடுகளுக்குப் போய்ப் பாத்தது, சரிவரேல்லை. 2016இல மூடிப்போட்டினம்.

ஆனால் தண்டனை? லண்டன் நகரப் பொலிஸ் 2008இலயே விசாரணையை முடிச்சிட்டினம். அரச வழக்குத் தொடுநர் 2011இல வழக்குப் போடுறதில்லை எண்டு தீர்மானிச்சினம். ஐரோப்பிய ஆணையம் பிரித்தானியாவுக்கு எதிரா நடவடிக்கை எடுத்தபடியால் ஒட்டுக்கேக்கிற சட்டத்தை மாத்தினவை, அது ஒண்டுதான் மிச்சம். 'வாடிக்கையாளர் சம்மதிச்சிருப்பார் எண்டு நாங்கள் நம்பினம்' எண்டு சொல்லித் தப்புறதுக்குப் பழைய சட்டத்தில ஒரு ஓட்டை இருந்தது. அதைத்தான் அடைச்சினம். உங்கட அப்பாவின்ர ஓடிபி கதையை வாசிச்ச உடன எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஓட்டைதான்.

---

நேர்பேச்சு | செவ்வாய், மாலை 4:10

18,000 பேரைக் கேட்காமல் சோதித்தது தவறு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது வெளிநாடு, 2006. இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்ததா? இல்லாத பேயைப் பார்த்துப் பயப்படுகிறோமோ என்று தோன்றுகிறது.

---

கோவைநெட் | செவ்வாய், மாலை 5:45

2015 ஜூன் மாதச் செய்திகளைப் பாருங்கள். பெங்களூரைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ், ஏர்டெல் 3ஜியில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது, தான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், பக்கத்துக்குள் இருப்பதைக் கண்டார். வழியில் செருகப்பட்டது. அதை அப்படியே நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார். ஸ்கிரிப்டைச் செய்த இஸ்ரேல் கம்பெனியான ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் சார்பில் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கிட்ஹப் பக்கமும் நீக்கப்பட்டது. ஏர்டெல் என்ன சொன்னதென்றால், வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று அவருக்குக் காட்டுவதற்கான முன்னோட்டம் அது, நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று. நோக்கம் அவர்கள் சொன்னதாகவே இருக்கட்டும். ஒருவர் எழுதிய பக்கத்துக்குள் வழியில் கைவைக்க முடியும், பார்ப்பவருக்கும் எழுதியவருக்கும் தெரியாமலே முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது. அவர் தன் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்க்கிற ஆளாக இருந்ததால் மாட்டியது.

இன்று எச்டிடிபிஎஸ் பரவியதால் அந்தச் செருகல் கடினமாகிவிட்டது. அதனால்தான் இப்போது தந்திரமெல்லாம் கம்பியில் இல்லை, டிக் பெட்டியில் இருக்கிறது.

---

ஃபைபர்தம்பி | செவ்வாய், இரவு 10:30

அக்கா, நான் அந்த வயர் மாட்டுற வேலைதான் பாக்குறேன். உங்க வீட்டுக்கு வந்தவன் இல்ல, வேற மாவட்டம், வேற கம்பெனி. ஆனா எங்க ஆப்பும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

ஒரு நாளைக்கு ஆறு ஏழு வீடு. ஒவ்வொரு வீட்லயும் ஃபைபர ஒட்டுற ஸ்பிளைஸ் போட்டு, பவர் லெவல் பாத்து, வைஃபை செட் பண்ணி, கடைசியா ஆப்ல 'வாடிக்கையாளர் ஒப்புதல்' பக்கம் வரும். டிக்கெல்லாம் முன்னாடியே விழுந்திருக்கும். கீழ ஓடிபி கட்டம். அத போட்டாத்தான் வேலை முடிஞ்சதா கணக்காகும், எனக்கு அந்த வீட்டுக்கான காசு ஏறும். அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல. பயிற்சில ஸ்பிளைசிங் மெஷின் பத்தி ரெண்டு நாள் சொன்னாங்க, இதப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

நேத்து உங்க பதிவப் படிச்சிட்டு இன்னைக்குத்தான் முழுசா படிச்சுப் பாத்தேன். ஆங்கிலம் எனக்கு அவ்வளவா வராது, மொழிபெயர்ப்புல போட்டுப் பாத்தேன். மொத்தம் நாலு டிக். ரெண்டு கனெக்‌ஷனுக்கு, ஒண்ணு பில் எஸ்எம்எஸ்க்கு, ஒண்ணு நீங்க சொன்ன மாதிரி விளம்பரத்துக்கு. அந்த நாலாவத எடுத்துப் பாத்தேன். எடுத்தாலும் கனெக்‌ஷன் ஆகுது அக்கா. இத்தன நாளும் தெரியாம எத்தன வீட்ல ஓடிபி வாங்கியிருக்கேன்னு நெனைக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

---

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10:52

தம்பி, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவருக்கு அது என்னவென்று தெரியும். வாசலில் நின்ற இரண்டு பேருக்கும், கேட்ட உங்களுக்கும் சொன்ன அப்பாவுக்கும், தெரியாது. உங்கள் பதிவை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையனும் என்னை மாதிரிதான்" என்றார்.

---

மலைக்கோட்டை வக்கீல் | புதன், காலை 7:30

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தொலைத்தொடர்பில் உருவாகும் விவரங்களுக்கு உரிமையாளர் பயனரே, நிறுவனங்கள் வெறும் காப்பாளர்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமல்ல.

சட்டம் 2023இல் வந்தது: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்கிறது. சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயமின்றி, தெளிவான ஒரு செயல் மூலம் தரப்பட வேண்டும். அதோடு, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: ஒருவர் தொலைமருத்துவச் செயலியை இறக்குகிறார். அது மருத்துவ சேவைக்கும், போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். தொடர்பு எண்கள் மருத்துவத்துக்குத் தேவையில்லை என்பதால், அவருடைய ஒப்புதல் மருத்துவ சேவையோடு நின்றுவிடும்.

இதை அப்படியே உங்கள் அப்பா வீட்டு வாசலுக்குக் கொண்டு வாருங்கள். அவர் ஓடிபி சொன்னது லைனுக்கு. லைன் ஓட, அவர் எந்தத் தளம் பார்க்கிறார் என்று விளம்பரக் கூட்டாளிக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஃபைபர்தம்பி அதைச் சோதித்தே காட்டிவிட்டார். நாலாவது டிக் இல்லாமலும் கனெக்‌ஷன் ஆகிறது. ஒரு வழக்கில் எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டு விஷயம் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5ஆம் பிரிவின்படி, அறிவிப்பை ஆங்கிலத்தில் அல்லது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஏதாவது ஒன்றில் பார்க்கும் வாய்ப்புத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. இன்னொன்று, ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதம் பெரிதுதான், பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாக ஒரு ரூபாய் கிடையாது. அரசு அமைப்புகளுக்கு விலக்கும் தாராளம். இந்தச் சட்டத்தை நான் முழு மனதாகப் பாராட்ட மாட்டேன். ஆனால் கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும்.

---

மலர்விழி | புதன், காலை 9:15

வக்கீல் ஐயா, குழந்தைகள் விஷயம்? என் நாத்தனார் மகள் எங்களோடு இருந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் அதே லைன்.

---

மலைக்கோட்டை வக்கீல் | புதன், காலை 10:02

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. தவறினால் அபராதம் 200 கோடி வரை. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி அம்மா, ஏனென்றால் லைன் உங்கள் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். எந்தத் தளத்தை அந்தப் பெண் திறந்தாள், எதை நீங்கள் திறந்தீர்கள் என்று பிரிப்பது லைன்காரருக்குக் கடினம். பிரிக்க முடியாதபோது மொத்தமாக எடுத்து விளம்பரத்துக்கு ஆராய்ந்தால், குழந்தையுடையதும் அதில் சேர்கிறது. என் வாதம் இதுதான். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தரவுப் பாதுகாப்பு வாரியம் எப்படிப் பார்க்கும் என்பது முதல் சில தீர்ப்புகளில் தெரியும்.

---

ஜெர்சித்தமிழன் | புதன், இரவு 8:20

நியூஜெர்சியில் இருந்து எழுதுகிறேன். நேர்பேச்சு முதலில் சொன்ன 'விலை குறையும்' என்பதற்கு இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2013 டிசம்பரில் ஏடி&டி என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஃபைபர் தொடங்கியது. மாதம் 70 டாலர். ஆனால் உங்கள் உலாவலைப் பார்த்து விளம்பரம் காட்டச் சம்மதித்தால்தான் அந்த விலை. வேண்டாம் என்றால் 99 டாலர். அதாவது யாரும் பார்க்காமல் இருக்க மாதம் 29 டாலர். விலை குறைந்தது என்று சொல்வதா, அந்தரங்கத்துக்கு வாடகை வைத்தார்கள் என்று சொல்வதா? கையில் காசு இருப்பவர் கட்டிவிடுவார். வேலை தேடிக்கொண்டிருப்பவர், கடனில் இருப்பவர், நோயைப் பற்றித் தேடுபவர், யாருக்கு மறைவு அதிகம் தேவையோ அவரால்தான் முடியாது. 2016இல் அதை நிறுத்திக்கொண்டார்கள்.

வெரைசான் கதை வேறு மாதிரி. 2012 முதல் அவர்கள் மொபைல் வாடிக்கையாளர் திறக்கும் ஒவ்வொரு பூட்டில்லாத பக்கக் கோரிக்கையிலும் ஒரு தனி அடையாள எண்ணை, நடுவழியில், தாங்களே சேர்த்தார்கள். 2014இல்தான் ஊருக்குத் தெரிந்தது. குக்கியை அழித்தாலும் அந்த எண் போகாது, ஏனென்றால் அது உங்கள் போனிலேயே இல்லை. 2015 ஜனவரியில், டர்ன் என்ற விளம்பரக் கம்பெனி அந்த எண்ணை வைத்து, மக்கள் அழித்த குக்கிகளை மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2016 மார்ச்சில் 13.5 லட்சம் டாலர் அபராதம். அந்த அளவுள்ள நிறுவனத்துக்கு அது ஒரு தொகையே இல்லை.

அதன் பிறகு 2016 அக்டோபரில் இங்கத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, உலாவல் விவரத்தைப் பயன்படுத்த முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்று 3–2 வாக்கில் விதி கொண்டுவந்தது. முழுமையாக நடைமுறைக்கு வரும் முன்பே போய்விட்டது. 2017 மார்ச்சில் செனட் 50–48, பிரதிநிதிகள் சபை 215–205, ஏப்ரல் 3 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்து. ரத்து செய்த முறைப்படி, அதே போன்ற விதியை எஃப்சிசி திரும்பத் தானாகக் கொண்டுவரவும் முடியாது. அந்த வாரம் என் அலுவலகத்தில் எல்லோரும் விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொருவர் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) பற்றித்தான் பேசினார்கள். மெய்ன் மாநிலம் மட்டும் 2019இல் தனக்கென்று ஒரு சட்டம் போட்டு, முன்சம்மதம் கட்டாயம் என்றது.

2021இல் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி ஆறு பெரிய இணைய நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. உலாவல், செயலிப் பயன்பாடு, டிவி பார்ப்பது என்று பல சேவைகளின் விவரத்தைச் சிலர் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இனம், பாலியல் நாட்டம் போன்றவற்றை வைத்துக்கூட வாடிக்கையாளரைப் பிரிக்கிறார்கள். விலகும் வழி இருக்கிறது என்று சொல்லி அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி வைக்கிறார்கள் என்று இருந்தது. இது 2006ஆம் வருட லண்டன் கதை இல்லை, நேர்பேச்சு.

---

நேர்பேச்சு | புதன், இரவு 9:35

முழு இழையையும் மறுபடி படித்தேன். 29 டாலர் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. நான் ஒரு கடை வைத்திருப்பவன், விலை குறைந்தால் எல்லோருக்கும் நல்லது என்றே பார்த்துப் பழகியவன். ஆனால் என் கடையில் ஒருவர் எதை வாங்கினார் என்று அடுத்த கடைக்காரரிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

கூகுளையும் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அதோடு, தெரிந்தே சம்மதித்து விலைக்குறைப்பு வாங்க ஒருவர் விரும்பினால் அவரைத் தடுக்கக்கூடாது என்பேன். தெரிந்தே என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஓடிபி அப்படிப்பட்டதல்ல.

---

கோவைநெட் | புதன், இரவு 10:40

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது, சுருக்கமாக.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் நெட்வொர்க் அமைப்புக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் டிஎன்எஸ் கேள்வி பூட்டுக்குள் போகும். ஃபயர்பாக்ஸிலும் இதே வசதி உண்டு. பெட்டியில் டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றுவது பாதிக் கிணறு, ஏனென்றால் கேள்வி வேறு இடத்துக்குப் போனாலும் திறந்த கடிதமாகவே போகும்.

இதெல்லாம் செய்தாலும், முன்பே சொன்னபடி, தளத்தின் பெயர் இன்னொரு வழியில் தெரியும். விபிஎன் போட்டால் மறையும், ஆனால் லைன்காரர் பார்த்ததை விபிஎன்காரர் பார்ப்பார். இலவச விபிஎன்னைப் பெற்றோர் போனில் ஏற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. இலவசம் என்று வந்தவர் எதை வைத்துச் செலவைச் சமாளிக்கிறார் என்று யோசியுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எஞ்சினியர் உட்கார்ந்து பூட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. டிக் எடுக்கப்பட்ட நிலையில் பக்கம் வர வேண்டும். அது ஒரு வரி மாற்றம், ஒரு நாள் வேலை. நான் அந்தத் துறையில் இருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

---

வைகைக்கரை | வெள்ளி, இரவு 8:15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் ஐயா சொன்னதை வைத்துத் தமிழிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அப்பா திருத்தினார், இரண்டு இடத்தில் சொல்லை மாற்றினார். மூன்று கேட்டோம்: விளம்பரத்துக்கான ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறோம், இதுவரை யாருக்கு என்ன விவரம் போனது, அறிவிப்பைத் தமிழில் தாருங்கள்.

இன்று காலை வாடிக்கையாளர் மையத்திலிருந்து அப்பாவுக்குப் போன். ஒப்புதலை நீக்குகிறோம், அதற்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றிருக்கிறார் அந்தப் பெண். அப்பா, "எதுக்கு இந்த நம்பர்னு முதல்ல சொல்லும்மா" என்றாராம். அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்திருக்கிறார். "தமிழ்ல சொல்லும்மா" என்று மறுபடி. அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி, தன் சொந்த வார்த்தையில் விளக்கியிருக்கிறார். அதன் பிறகுதான் அப்பா எண்ணைச் சொன்னார்.

மாலையில் பார்த்தேன், டிக் போயிருந்தது. யாருக்கு என்ன போனது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி எழுதுவோம்.

---

ஃபைபர்தம்பி | வெள்ளி, இரவு 9:05

அக்கா, அந்த மெயில இங்க போடுங்க, பேர் நம்பர் எடுத்துட்டு. நாளைக்கு அஞ்சு வீடு இருக்கு. நாலாவது டிக் என்னன்னு கேட்டுட்டுத்தான் ஓடிபி வாங்குவேன். ஏற்கெனவே மாட்டுன வீட்டுக்காரங்க கேட்டா இந்த மெயில குடுக்கணும்.

---

வைகைக்கரை | வெள்ளி, இரவு 9:30

இதோ தம்பி. அடைப்புக்குள் இருப்பதை மட்டும் நிரப்பினால் போதும்.

"ஐயா / அம்மையீர், என் இணைப்பு எண் (……). இணைப்புத் தரும்போது பெறப்பட்ட ஓடிபி, சேவையைத் தொடங்குவதற்காக மட்டுமே என்னால் சொல்லப்பட்டது. என் இணையப் பயன்பாட்டை விளம்பர நோக்கத்துக்கு ஆராயவோ, பிறருடன் பகிரவோ நான் ஒப்புதல் தரவில்லை. பதிவில் அப்படி இருந்தால் இன்றோடு திரும்பப் பெறுகிறேன். (……) தேதி முதல் இன்றுவரை என் இணைப்பின் விவரங்கள் எந்தெந்த நிறுவனங்களுக்குத் தரப்பட்டன என்று எழுத்தில் தெரிவிக்கவும். ஒப்புதல் அறிவிப்பின் தமிழ் வடிவத்தை அனுப்பவும். இப்படிக்கு, (……)."